யந்திரத்தோடு ஓர் ஊடல்

வித்துவான் ரசிகர்களோடு ஊடல் கொள்வதுண்டு; பக்கவாத்தியக்காரரோடு ஊடல் கொள்வதும் உண்டு. தம்முடைய வாத்தியத்தோடேயே ஊடல் கொண்டவரைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்களா? தாமே விரும்பி எடுத்த வாத்தியத்தின்மேல் அலுப்புத் தட்டி, அதை விட்டுப் பிரிந்து வேறு தொழிலுக்குப் போய், பல வருஷங்களுக்குப் பிறகு யாரோ முகமறியாத பிள்ளைகள் அதே வாத்தியத்தை வாசிக்கக் கேட்டு மனம் மாறித் திரும்பி வந்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்து தேசத்து ஜான் ஃபாக்ஸ் என்பவரே அவர். அவருடைய வாத்தியம் வீணையுமன்று, பிடிலுமன்று. மின்சாரத்தினால் நாதம் எழுப்பும் ஸிந்தஸைஸர் என்னும் யந்திரம்.

யந்திரம் என்றவுடன் முகத்தைச் சுளித்துக் கொள்ள வேண்டாம். பார்வைக்கு இது ஹார்மோனியத்தின் ஒன்று விட்ட தம்பி போலவே இருக்கும். அதே கறுப்பு வெள்ளைக் கட்டைகள். ஆனால் உள்ளே துருத்தியும் இல்லை, பித்தளை நாக்குகளும் இல்லை. மின்சாரம் ஒரு சுற்றுக்குள் வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அலைந்து ஆடுகிறது. அந்த ஆட்டத்தை ஒலிபெருக்கி நம் காதுக்கு ஸ்வரமாக்கித் தருகிறது. முதலில் எழுவது வண்டின் ரீங்காரம் போன்ற முரட்டு நாதம். அதை ஒரு சல்லடை வழியே செலுத்தி, வேண்டாத கூர்மைகளைக் கழித்து, வேண்டிய குழைவை மட்டும் நிறுத்திக் கொள்ளலாம். நாதம் சட்டென்று பிறக்க வேண்டுமா, மெல்ல மலர வேண்டுமா, எவ்வளவு நேரத்தில் ஓய வேண்டும் என்பதற்கெல்லாம் தனித் தனித் திருகுகள் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் 1964-ல் இத்தகைய கருவியை முதலில் செய்தபோது அது பீரோ அளவு பெரிதாயிருந்தது. 1970-க்குப் பிறகு, ஒருவர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய அளவுக்குச் சுருங்கிற்று. இந்தக் கருவியையே தலைமை வாத்தியமாக வைத்து இளைஞர்கள் இயற்றிய ஜனரஞ்சகமான பாட்டுக்கு ஸிந்த்-பாப் என்று பெயர் வந்தது. அதன் முன்னோடிகளில் ஃபாக்ஸுக்கு நிச்சயமாக ஓர் இடம் உண்டு.

அவருடைய இயற்பெயர் டென்னிஸ் லீ. 1948-ல் லங்காஷயரைச் சேர்ந்த சோர்லி என்னும் ஊரில் பிறந்தார். லங்காஷயர் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. நம் பாட்டனார் காலத்தில் நம் நாட்டு நெசவாளரின் தறிகளை ஓய வைத்த மல் துணியெல்லாம் அந்தச் சீமையிலிருந்துதான் கப்பலேறி வந்தது. 1931-ல் காந்தியடிகள் அங்கே நேரில் சென்று, அந்நியத் துணி பகிஷ்காரத்தினால் தங்களுக்கு வேலை போயிற்று என்று வருந்திய ஆலைத் தொழிலாளரைச் சந்தித்துப் பேசியதையும் நாம் மறக்கவில்லை. ஃபாக்ஸ் சிறுவனாயிருந்த காலத்தில் அந்த ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வந்தன. யந்திரங்கள் ஆண்ட ஊர், யந்திரங்கள் ஓய்ந்த ஊராக மாறிக் கொண்டிருந்தது. அவருடைய பாட்டுகளில் ஆளில்லாத வீதிகளும், கைவிடப்பட்ட கட்டடங்களும், தன்னந்தனியே நடந்து செல்லும் மனிதனும் ஓயாமல் வருவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நமது எண்ணம்.

சித்திரம் பயில லண்டன் ராயல் கலைக் கல்லூரிக்குச் சென்றவர், அங்கே சங்கீத கோஷ்டி ஒன்றைச் சேர்த்தார். அதுவே பின்னால் அல்ட்ராவாக்ஸ் என்று பெயர் பெற்றது. 1977-ல் வெளிவந்த அதன் முதல் இசைத்தட்டுத் தொகுதியிலேயே, தாம் ஒரு யந்திரமாகிவிட விரும்புவதாகச் சொல்லும் பாட்டு ஒன்று இருந்தது. மூன்றாவது தொகுதியை 1978-ல் ஜெர்மனிக்குச் சென்று, கோனி பிளாங்க் என்ற புகழ் பெற்ற ஒலிப்பதிவாளரின் கூடத்தில் பதிவு செய்தார்கள். கிதாரும் ஸிந்தஸைஸரும் அதில் சரிபாதியாகக் கலந்திருந்தன. விற்பனை என்னவோ சொற்பந்தான். இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தத்தை முடித்துக் கொண்டது. 1979-ல் ஃபாக்ஸும் கோஷ்டியை விட்டு விலகினார். அதே வருஷத்தில் காரி நியூமன் என்னும் இளைஞர் ஸிந்தஸைஸர் பாட்டு ஒன்றினால் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றார். தமக்கு வழி காட்டியது ஃபாக்ஸின் அல்ட்ராவாக்ஸ்தான் என்று அவர் தாராளமாக ஒப்புக் கொண்டார். விதை போட்டவர் ஒருவர், அறுவடை செய்தவர் இன்னொருவர். பழைய கோஷ்டியுங்கூடப் புதிய பாடகர் ஒருவரைச் சேர்த்துக் கொண்டு, 1981-ல் பட்டியலின் இரண்டாம் இடம் வரை ஏறிற்று.

தனியே நின்ற ஃபாக்ஸ் செய்ததுதான் விசேஷம். வட லண்டனில் பாத்வே என்ற மிகச் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று. எட்டு தடங்கள் மட்டுமே உள்ள பதிவு யந்திரம். காரெத் ஜோன்ஸ் என்னும் இளம் பதிவாளர் உதவிக்கு. கிதாரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஒடிஸி என்ற ஸிந்தஸைஸரையும், ஜப்பான் தேசத்து ரோலண்ட் கம்பெனியின் தாளப் பெட்டி ஒன்றையும் முக்கியமாக வைத்துக் கொண்டு ஒரு தொகுதியை இயற்றினார். அந்தத் தாளப் பெட்டியின் கதையைச் சொன்னால் சிரிப்பு வரும். வீட்டில் பொழுது போக்காக ஆர்கன் வாசிக்கும் கனவான்களுக்குத் துணையாக, ரும்பா, வால்ட்ஸ் முதலிய நடனத் தாளங்களைத் தட்டிக் கொண்டிருப்பதற்காகச் செய்யப்பட்டது அது. மரப்பெட்டிக்குள் அடங்கிய சாதுவான பிராணி! ஃபாக்ஸின் கையில் அது நள்ளிரவில் ஆளில்லாத சுரங்கப் பாதையில் நடக்கும் காலடியோசையாக மாறிவிட்டது.

ஒடிஸியின் குணமும் விசித்திரமானது. ஒரே சமயத்தில் இரண்டு ஸ்வரங்களுக்கு மேல் அதனால் ஒலிக்க முடியாது. சூடேறினால் சுருதி நழுவும்; தம்பூராவைப் போல அடிக்கடி சேர்த்துக் கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, அதற்கு ஞாபக சக்தி கிடையாது. அரும்பாடுபட்டு ஓர் அபூர்வ நாதத்தை அமைத்துவிட்டு, மறுநாள் அதையே கேட்க வேண்டுமானால், ஒவ்வொரு நகர்த்தியையும் முன்பு இருந்த இடத்திலேயே நிறுத்தியாக வேண்டும். மயிரிழை தவறினாலும் வேறொரு நாதம் பிறக்கும். இதைக் குறை என்று சொல்வாரும் உண்டு. அந்தக் கருவியின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று நாம் சொல்வோம்.

தொகுதிக்கு 'மெட்டமாட்டிக்' என்று பெயரிட்டார். ஸ்விட்ஸர்லாந்து தேசத்துச் சிற்பி ஜான் டிங்லி 1959-ல் பாரிஸில் காட்சிக்கு வைத்த, தானாகவே சித்திரம் எழுதும் யந்திரங்களின் பெயர் அது. சித்திரக்காரரல்லவா! 1980 ஜனவரியில் வெளிவந்த அத்தொகுதி, விற்பனைப் பட்டியலில் 18-வது இடம் பெற்றது. அதிலிருந்து வந்த 'அண்டர்பாஸ்' என்ற தனிப் பாட்டு 31-வது இடம் பெற்றது. பிரமாதமான வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தத் தட்டைக் கேட்ட இளைஞர்கள் அதை மறக்கவில்லை.

அதற்குப் பின் நடந்தது சற்று வருத்தமான கதை. லண்டனின் கிழக்குப் பகுதியான ஷோர்டிச்சில் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக் கொண்டார்; டெப்பெஷ் மோட் என்ற பிரசித்தி பெற்ற கோஷ்டி 1983-ல் அங்கே வந்து பாட்டுகளைப் பதிவு செய்தது. அவருடைய சொந்தப் பாட்டுகளோ தொகுதிக்குத் தொகுதி மெருகேறி, மெருகேற மெருகேற முகம் மங்கின. எல்லோரையும் போலப் பாடத் தொடங்கிவிட்டார். காலமும் மாறிற்று. 1983-ல் யமாஹா கம்பெனி டி.எக்ஸ்.7 என்ற புதுக் கருவியை வெளியிட்டது. சுருதி நழுவாது, பதினாறு ஸ்வரங்களைச் சேர்ந்தாற்போல் ஒலிக்கும், ஒரு பொத்தானைத் தட்டினால் மணியோசை, இன்னொன்றைத் தட்டினால் பித்தளை வாத்தியம். லட்சத்துக்கு மேல் விற்றது. விளைவு என்ன? உலகத்துப் பாட்டுகளெல்லாம் ஒரே கடையில் வாங்கிய சட்டை போலாயின. ஒடிஸி போன்ற பழைய கருவிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 1985-ல் வெளிவந்த தொகுதிக்குப் பிறகு ஃபாக்ஸும் கூடத்தை விற்றுவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

இறங்கியவர் சும்மா இருக்கவில்லை. டென்னிஸ் லீ என்ற பழைய பெயருக்குத் திரும்பிப் புத்தகங்களுக்கு மேலட்டைச் சித்திரம் வரையும் தொழிலை மேற்கொண்டார். ஸல்மான் ருஷ்டியின் 'மூரின் கடைசிப் பெருமூச்சு' என்ற நாவலின் மேலட்டை அவர் கைவண்ணமே. நாவலை வாங்கிய ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு, அட்டையை வரைந்தவர் ஒரு காலத்தில் யந்திரமாகிவிட விரும்பிப் பாடியவர் என்று தெரிந்திருக்கும்?

இதற்கிடையில் அமெரிக்காவில் ஓர் ஆச்சரியம் நிகழ்ந்தது. விலை போகாமல் பழஞ்சாமான் கடைகளில் தூசி படிந்து கிடந்த கருவிகளைச் சிகாகோ, டெட்ராயிட் நகரங்களின் நீக்ரோ இளைஞர்கள் (இன்று கறுப்பின இளைஞர்கள் என்பதே மரியாதை) சொற்ப விலைக்கு வாங்கினார்கள். ரோலண்ட் கம்பெனி, தனியே கிதார் பயில்பவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று மந்தரஸ்தாயிப் பெட்டி ஒன்றைச் செய்து, விற்பனையாகாமல் 1984-ல் கைவிட்டிருந்தது. அந்தப் பெட்டியின் திருகுகளை, பாட்டு ஓடிக் கொண்டிருக்கும்போதே முறுக்கினால் பிராணி ஒன்று முனகுவது போன்ற நாதம் வருகிறது என்று சிகாகோப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். 1987-ல் வெளிவந்த ஓர் இசைத்தட்டிலிருந்து இந்தப் புதுப் பாணி பரவி, கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்து, நாட்டியக் கூடங்களையெல்லாம் பிடித்துக் கொண்டது. செய்தவர்கள் கைவிட்டதைக் கையில் எடுத்தவர்கள், செய்தவர்கள் கனவிலும் நினையாத வழியில் வாசித்தார்கள்.

அந்த நாதத்தைக் கேட்ட ஃபாக்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாம் தீர்ந்து போயிற்று என்று கருதிய ஊற்று தீரவில்லை. தோண்டுவதை நிறுத்தியவர் தாமே! 1990-ல் டிம் ஸைமெனன் என்னும் இளையவரோடு சேர்ந்து, நேஷன் 12 என்ற புனைபெயரில் நாட்டிய இசைத்தட்டு ஒன்று வெளியிட்டார். தம் பெயரைப் போட்டுக் கொள்ளாததைக் கவனிக்க வேண்டும். எல்.எஃப்.ஓ. என்ற லீட்ஸ் நகரத்து இளைஞர் இருவரின் முதல் இசைத்தட்டுக்குச் சலனப் படமும் எடுத்துக் கொடுத்தார். நாற்பது வயது தாண்டியவர், தம் மக்கள் வயதுப் பிள்ளைகளிடம் மறுபடி பாடம் கேட்ட காலம் அது.

1997-ல் சொந்தப் பெயரிலேயே இரண்டு தொகுதிகளுடன் வெளிப்பட்டார். ஒன்று, மான்செஸ்டரைச் சேர்ந்த லூயிஸ் கார்டனோடு சேர்ந்து இயற்றிய 'ஷிஃப்டிங் ஸிட்டி'. மற்றொன்று 'கதீட்ரல் ஓஷன்ஸ்'. முன்னதில் பழைய வேகம் இருக்கிறதே தவிர, இன்னும் கை முழுவதும் பழகவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. பின்னது வேறு உலகம். தாளமே கிடையாது, சொற்களும் தெளிவாக விளங்குவதில்லை. பெரிய மாதா கோவிலின் கல் மண்டபத்தில் நின்று ஒரு குரல் பாட, அதன் எதிரொலி கரையாமல் மிதந்து, அடுத்த ஆலாபனையோடு கலந்து கொள்வது போன்ற இசை அது. இரவு வேலைகளெல்லாம் ஓய்ந்த பிறகு விளக்கைத் தணித்துக் கொண்டு கேட்கத் தக்கது.

முதிர்ந்த கனி கிடைத்தது அதற்கும் பல வருஷங்கள் கழித்துத்தான். பென் எட்வர்ட்ஸ் என்பவர் பழைய ஸிந்தஸைஸர்களைச் சேர்த்துப் பாதுகாப்பதையே விரதமாகக் கொண்டவர்; பெஞ்ச் என்பது அவர் வைத்துக் கொண்ட பெயர். தம்மிடமுள்ள இருபது கருவிகளைக் கொண்டு, கருவிக்கு ஓர் உருப்படியாக, 2008-ல் ஒரு தொகுதியே வெளியிட்டிருந்தார். அந்தச் சங்கீதப் பண்டசாலைக்குள் ஃபாக்ஸ் நுழைந்தார். இருவரும் சேர்ந்து, ஜான் ஃபாக்ஸும் மாத்ஸும் என்ற பெயரில் 2011-ல் வெளியிட்ட 'இண்டர்ப்ளே' என்ற தொகுதியைக் கேட்டால், 1980-ல் பாத்வே கூடத்தில் விட்ட இழையை அவர் மீண்டும் பிடித்துக் கொண்டது தெளிவாகத் தெரியும். பழைய பாட்டின் நகல் அல்ல. அன்று குரல் வேண்டுமென்றே உலர்ந்து, யந்திரத்தோடு யந்திரமாக நின்றது. இன்றோ யந்திரங்கள் அதே முரட்டுத்தனத்துடன் ஒலிக்க, குரல் மட்டும் வயதின் கனிவோடு அவற்றினூடே செல்கிறது. இளமையில் யந்திரமாக விரும்பியவர் முதுமையில் யந்திரத்தின் பக்கத்தில் மனிதராக அமர்ந்திருக்கிறார்.

அன்று மெட்டமாட்டிக்கைத் தன்னந்தனியே இயற்றியவர், திரும்பி வந்த பிறகு பெரும்பாலும் துணையோடேயே வேலை செய்திருக்கிறார். லூயிஸ் கார்டன், அமெரிக்கப் பியானோ மேதை ஹெரால்ட் பட், இந்தப் பெஞ்ச் என்று துணைகள் மாறின. 2020-ல் 'ஹௌல்' என்ற தொகுதி வந்தபோது ஃபாக்ஸுக்கு வயது 71. அதில் வயலினுக்கு ஹன்னா பீல் என்னும் இளம் பெண்மணி. கிதாருக்கு யார் தெரியுமா? 1978-ல் ஜெர்மனிக்கு அவரோடு சென்ற பழைய அல்ட்ராவாக்ஸ் கோஷ்டியின் ராபின் ஸைமன். மெட்டமாட்டிக் காலத்தில் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட வாத்தியம், நாற்பது வருஷம் கழித்து உள்ளே வந்து, அந்தப் பழைய யந்திரங்களுக்கு நடுவில் உரத்துக் கூச்சலிட்டுக் கொண்டிருக்கிறது.