மஞ்சள் சட்டையும் பெங்களூரு சம்பளமும்

தகடூர்க் குறிப்புகள் - 11

எருதாட்டம் பற்றிய போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு பாலக்கோட்டு வாசகர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "மாட்டுக்காரன் பதறுறான், சரி. தவிடு, பருத்திக்கொட்டைன்னு செலவு பண்ணியிருக்கான். அந்த மாட்டுக்கு ஒரு பிடி வைக்கோல்கூடப் போடாதவன் எதுக்குங்க தொண்டை கிழியக் கத்துறான்? அதை எழுதாம விட்டுட்டீங்களே?"

நியாயமான கேள்வி. மாட்டை வைத்துப் பதில் சொல்வது சுலபம்: அது நம்ம ஊர் மாடு. நம்ம ஊர் மாடே இல்லாதபோதும் கத்துகிறானே, அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. அதனால் இந்த வாரம் கிரிக்கெட்.

தருமபுரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். சென்னை 300 கிலோமீட்டர். இந்த மாவட்டத்து ஆள் பிழைப்புக்கு வடக்கே பார்த்துத்தான் பஸ் ஏறுகிறான். பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் சென்ட்ரிங், கம்பி கட்டு, பெயின்ட், பேக்கரி, ஹோட்டல் என்று பெங்களூருக்கு ஆள் அனுப்பாத தெரு அபூர்வம். நரம்பு வியாதி என்றால் நிம்ஹான்ஸ். சம்பந்தம் பேசப் போவதும் ஒயிட்ஃபீல்டில் வீடு பார்த்துக்கொண்டு செட்டிலான உறவுக்காரரிடம். வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. சென்னை என்பது நமக்குக் கோட்டை, ஐகோர்ட்டு, டி.வி. அவ்வளவுதான். கணக்குப்படி பார்த்தால் ஐ.பி.எல். வந்ததும் தருமபுரி பெங்களூரு அணியின் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நடை கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். சென்னை அணியின் மஞ்சள்தான்.

இதற்குக் காரணம் தேடினால் 2008-க்குப் போக வேண்டும். அந்த வருடம் பிப்ரவரியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஃபுளோரைடு கலந்த போர்த் தண்ணீரைக் குடித்துப் பல் பழுத்து, மூட்டு மடங்கிப் போன ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் கொடுக்கும் திட்டம். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்கள் தாக்கப்பட்டன. ஏப்ரல் 4-ஆம் தேதி தமிழ்த் திரையுலகம் மொத்தமும் உண்ணாவிரதம் உட்கார்ந்தது. எங்கே? சென்னைக் கிரிக்கெட் மைதானம் இருக்கிற அதே சேப்பாக்கத்தில். ஓரிரு நாளில், கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டத்தை நிறுத்திவைப்பதாக முதல்வர் கருணாநிதி அறிவித்தார். அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 18 அன்று, பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் ஐ.பி.எல். முதல் ஆட்டம் தொடங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் சென்னையும் பெங்களூருவும் மோதிவிட்டன.

இரண்டு அணிகளையும் ஏலத்தில் எடுத்தவர்கள் இதையெல்லாம் யோசித்து எடுத்திருக்க மாட்டார்கள். ஒன்று சிமென்ட் கம்பெனி, இன்னொன்று சாராயக் கம்பெனி. ஆனால் தண்ணீருக்காகத் தன் மாவட்டத்தின் பேர் தினமும் செய்தியில் அடிபட்ட ஒருவனுக்கு அந்த ஏப்ரலில் டி.வி.யில் 'சென்னை - பெங்களூரு' என்று எழுத்து ஓடியபோது, எந்தப் பக்கம் உட்காருவது என்பதில் குழப்பமே இருந்திருக்காது. சேப்பாக்கத்தை அவன் நேரில் பார்த்ததில்லை. எதிரே நின்றவர்கள் யார் என்பது மட்டும் தெரிந்தது. என் அபிப்பிராயத்தில் பாதி ரசிகத்தனம் இப்படித்தான் பிறக்கிறது. சொந்த அணி எது என்று நாம் தேடிப் போவதில்லை. எதிரணி வந்து நின்று நமக்கு ஓர் அணியைக் கொடுத்துவிடுகிறது.

பக்கத்தில் இருப்பதால் மட்டும் பற்று வராது என்பதற்கு இங்கேயே இன்னொரு சாட்சி உண்டு. 2016-ல் தொடங்கிய டி.என்.பி.எல்.லில் சேலம் ஸ்பார்டன்ஸ் என்று ஓர் அணி ஆடுகிறது. வாழப்பாடி பக்கத்து மைதானத்திலேயே போட்டிகள் நடந்திருக்கின்றன. அரூர்க்காரர்கள் காலையில் கிளம்பினால் ஆட்டம் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். சேலத்தோடு சேர்ந்தே இருந்த மாவட்டம்தான் இது, 1965-ல்தான் பிரிந்தோம். இருந்தும் ஸ்பார்டன்ஸ் சட்டை போட்ட ஒருவரை நான் இங்கே பார்த்ததில்லை. 2023 ஜூனில் அதன் கேப்டன் கடைசி ஒரு பந்துக்கு நோ-பால்களோடு சேர்த்து 18 ரன் கொடுத்து உலகம் முழுக்கப் பேசப்பட்டார். அன்றுதான் நம்மில் பலருக்கு அப்படி ஓர் அணி இருப்பதே தெரிந்தது. சேலத்துக்கும் கோவைக்கும் ஆட்டம் என்றால் நம் ஆள் யாரைப் பார்த்துப் பல்லைக் கடிப்பான்? கோவைக்காரனிடம் நமக்கு என்ன பழைய கணக்கு இருக்கிறது?

பந்துவீச்சாளர் நடராஜன் விஷயம் வேறு. பக்கத்து மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து ஹைதராபாத் அணிக்குப் போய், 2020-ல் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரைப் போட்டார். அந்தக் குளிர்காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு இறங்கினார். ஊர் திரும்பியபோது ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். சென்னைக்கு எதிராக அவர் பந்து வீச வரும்போது நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த சமரசம் அழகானது: "விக்கெட் நடராஜனுக்கு விழணும், மேட்ச் நமக்கு வரணும்." தோனி எதிரே நிற்கும்போது மட்டும் இந்த ஏற்பாடு செல்லாது.

சரி, பெங்களூரில் சம்பளம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்கு எதிராகக் கத்துகிறவனின் மனசு எப்படி இருக்கும்? 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. காரிமங்கலம் பக்கம் ஒரு டீக்கடையில் அதைக் கிட்டத்தில் பார்க்க வாய்த்தது. சேப்பாக்கத்தில் சென்னையும் பெங்களூருவும். பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், அன்று சாயங்காலம்தான் பெங்களூரிலிருந்து வந்து இறங்கியவர். பை இன்னும் காலடியில். போட்டிருந்தது மஞ்சள் பனியன் துணிச் சட்டை. முதுகில் '7' பாதி உரிந்திருந்தது. தோள்பட்டையில் துவைத்தும் போகாத சிமென்ட் கறை. அவருக்கு எதிரே அக்காள் மகன், பாலிடெக்னிக் படிக்கிற பையன். அவன் சட்டை சிவப்பு. முதுகில் 18.

"ஏன்டா, பெங்களூர்ல தூசி திங்கிறது நானு. அவனுங்களுக்குக் கொடி புடிக்கிறது நீயா?"

"நான் எங்க மாமா பெங்களூருக்குப் புடிச்சேன்? கோலிக்குப் புடிக்கிறேன்."

"கோலி எந்த ஊருடா?"

"தோனி எந்த ஊரு மாமா?"

கடையே சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். வேலைக்கும் இந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவீர்களா என்று கேட்டேன். "ஆமாங்க. மேஸ்திரி கன்னடக்காரரு. 'ஏய் தோனி, பலகை எடுத்தா'ன்னுதான் என்னைக் கூப்புடுவாரு. அவங்க ஜெயிச்ச மக்கா நாளு அவரு பேசுவாரு, நாம ஜெயிச்சா நான் பேசுவேன். மத்த நாள்ல நான் எங்க பேசுறது?"

கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன தினுசு சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மாவட்டத்தில் அதற்குப் பின்னால் கதை இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, மூட்டை முடிச்சோடு ஓசூர் தாண்டி வந்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் உண்டு. 2016 செப்டம்பரில் மறுபடியும் காவிரிக்காகப் பெங்களூரில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட் போட்ட பஸ்கள் டிப்போவிலேயே எரிந்தன. அந்த மாதிரி நாட்களில் தமிழில் வாய் திறக்கவே யோசித்தவர்களுக்கு, அதே ஊரில் மஞ்சள் சட்டையோடு நடந்து, கன்னட மேஸ்திரியிடம் கேலி பேசி, கேலி வாங்கிக்கொள்ள முடிவது சின்ன விஷயம் இல்லை. வருடத்துக்கு இரண்டு ஆட்டம். அன்று ஒரு நாள் மேஸ்திரியும் சென்ட்ரிங் ஆளும் சரிசமமாக நின்று சண்டை போடலாம். அடி விழாது.

பையன் பக்கம் வேறு மாதிரி. அவன் பிறந்தபோதே ஐ.பி.எல். வந்தாயிற்று. 2008-ன் கோபம் அவனுக்குப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஒகேனக்கல் தண்ணீர் 2013 முதல் குழாயில் வருகிறது. அவன் ஊரைப் பார்த்து அணியைப் பிடிக்கவில்லை, ஆளைப் பார்த்துப் பிடித்தான். யோசித்தால் அதுதான் தமிழ்நாட்டின் பழைய வழி. தோனிக்கு 'தல' என்று பேர் வைத்ததும் ரெய்னாவைச் 'சின்ன தல' ஆக்கியதும் சினிமா ரசிகர் மன்றத்து இலக்கணம்தானே. மாமாவும் மருமகனும் ஒரே மரத்துக் கிளைகள்தான். மாமாவுக்கு மட்டும் கூடவே ஒரு காவிரியும் இருக்கிறது.

அன்று சென்னை 50 ரன்னில் தோற்றது. தோனி ஒன்பதாவதாக இறங்கினார். அதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூரு ஜெயித்தது அதுதான் முதல் முறை. நடுவில் எல்.பி.டபிள்யூ. கேட்ட ஒரு பந்துக்கு மாமாவும் மருமகனும் ஒரே டி.வி.யில் இரண்டு வேறு பந்துகளைப் பார்த்தார்கள். இதை அமெரிக்காவில் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். 1951-ல் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழகங்களுக்கு நடுவே முரட்டுத்தனமான ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். ஹேஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இருவர் அதன் ஃபிலிமை இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, தப்பாட்டங்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் மாணவர்கள் தங்கள் அணியிடம் கண்ட தப்புகளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். ஃபிலிம் ஒன்றுதான். நம் ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டில் அம்பயராக நின்றவர்களுக்கு இதற்கு ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு அமெரிக்க ஆய்வு இங்கே பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராபர்ட் சியால்டினியும் கூட்டாளிகளும் 1976-ல் வெளியிட்டது. ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்களின் உடையைக் குறித்தார்கள். தங்கள் அணி ஜெயித்த வாரங்களில் கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் கூடின. ஜெயித்தவனோடு ஒட்டிக்கொள்வது மனித சுபாவம் என்றார்கள். 2025-ல் சென்னை அணி தன் சரித்திரத்திலேயே முதல்முறையாகப் பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனது. 14 ஆட்டத்தில் 10 தோல்வி. தருமபுரியில் மஞ்சள் சட்டை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. விசுவாசம் என்று சிலாகிக்கலாம். உண்மை கொஞ்சம் சாதாரணமானது: தோற்றதும் கழற்றி அலமாரியில் வைக்க அது மேட்ச் பார்க்க மட்டும் போடுகிற சட்டை இல்லை. சந்தையில் வாங்கி, ஆடு மேய்க்கவும் களை எடுக்கவும் சென்ட்ரிங் பலகை தூக்கவும் போடுகிற சட்டை. அது கிழியும்வரை அணியும் இருக்கும். 2016, 2017 இரண்டு வருடம் சென்னை அணி தடையில் ஆட்டத்திலேயே இல்லாதபோதும் அந்தச் சட்டைகள் வயலில் இருந்தன.

இந்த ரசிகத்தனம் எல்லை தாண்டுவதும் உண்டு, எப்போதும் நல்ல திசையில் இல்லை. 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் கோலி ரசிகர் ஒருவர், ரோகித் ரசிகரான தன் நண்பரை அடித்துக் கொன்றதாகக் கைதானார். குடித்திருந்தார்கள், கிண்டலில் ஆரம்பித்தது என்றது போலீஸ். கிரிக்கெட் அங்கே சாக்கு என்று தள்ளிவிட முடியவில்லை. சாக்காக வேறு எதையும் அவர்கள் எடுக்கவில்லையே.

இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவின் குழு செய்து 2005-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தைக் காட்டுகிறது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களைத் தங்கள் அணியைப் பற்றி எழுதவைத்து, அவர்கள் போகும் வழியில் ஓடி வரும் ஒருவன் தடுக்கி விழுந்து காலைப் பிடித்துக்கொள்வதுபோல ஏற்பாடு செய்தார்கள். மான்செஸ்டர் சட்டை போட்டிருந்தால் பெரும்பாலோர் ஓடிப் போய்த் தூக்கினார்கள். லிவர்பூல் சட்டை என்றால் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு தடவை, அணியைப் பற்றி எழுதச் சொல்லாமல், கால்பந்து ரசிகராக இருப்பதன் சந்தோஷத்தைப் பற்றி எழுதவைத்தார்கள். இந்த முறை லிவர்பூல் சட்டைக்காரனையும் தூக்கினார்கள். எந்த அணிச் சட்டையும் போடாதவன்தான் இப்போது தனியாகக் கிடந்தான்.

அப்படிச் சட்டை நிறம் மறந்த ஒரு வாரம் இங்கேயும் வந்தது. 2025 ஜூன் 3, அகமதாபாத். 18-ஆவது சீசனில் பெங்களூரு முதல் கோப்பையை ஜெயித்தது. அந்த அணியின் பேட்டிங் கோச் நம் தினேஷ் கார்த்திக். கோப்பைக்காக 17 வருடம் காத்திருந்த கன்னட மேஸ்திரிகள் அடுத்த நாள் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்! பேச விடவில்லை. ஜூன் 4 மாலை சின்னசாமி மைதான வாசல் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். அதில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரும் உண்டு. சட்டை நிறம் பார்க்காமல் கேட்க வேண்டிய கேள்வி அன்றைக்கு ஒன்றுதான் இருந்தது: ரசிகனின் அன்பை இத்தனை வருடம் காசாக்கத் தெரிந்தவர்களுக்கு அவன் உள்ளே வர ஒழுங்காக வாசல் திறந்துவைக்க ஏன் தெரியவில்லை? மஞ்சள் சட்டைக்காரர்கள் இங்கே அதைக் கேட்டார்கள். அந்த ஒரு வாரம் டீக்கடையில் யாரும் பெங்களூருவைக் கிண்டல் செய்து நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பொங்கல் கபடி. உங்கள் ஊர் கபடி டீமுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். 'பாய்ஸ்' என்று முடிகிற பேர்கள் என்னிடம் நிறையச் சேர்ந்துவிட்டன. குலசாமி பேரில் ஆடுகிற அணிகளைப் பற்றித்தான் தகவல் வேண்டும்.

(தொடரும்)