தென்மராட்சியின் தலைவாசல்

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் யாழ். நகரோடும் நல்லூரோடும் நின்றுவிடுகின்றனர். ஆனால், கண்டி வீதி வழியாகக் குடாநாட்டினுள் நுழையும் எவரும் முதலில் காணும் பெரிய நகரம் சாவகச்சேரியே. யாழ். நகரிலிருந்து சுமார் 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இந்நகரே தென்மராட்சியின் தலைநகராகும். சாவகர் குடியேறிய சேரி என்பதே இப்பெயரின் பொருள் என்று கொள்வோரும் உளர்.

வலிகாமத்தின் செம்மண்ணுக்கு மாறாகத் தென்மராட்சியின் பெரும்பகுதி மணற்பாங்கானது. எனவே தென்னையும் மாவும் பலாவும் இங்கு செழிக்கின்றன. மழையை நம்பிய நெற்செய்கையும் உண்டு. மீசாலை, கொடிகாமம் பகுதிகளின் மாம்பழமும் பலாப்பழமும் கொழும்புவரை பெயர் பெற்றவை. மட்டுவில் கத்தரிக்காய்க்கும் பன்றித்தலைச்சி அம்மன் ஆலயத்துக்கும் புகழ்பெற்றது. கொடிகாமம், வரணி ஊடாக வடமராட்சிக்கு வழிதிறக்கும் சந்தி நகரம். மேற்கே கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையும் வடக்கு மாகாண சபையின் கட்டடமும் அமைந்துள்ளன. இவ்வூர்கள் அனைத்தும் சாவகச்சேரிச் சந்தையையும் அதன் பாடசாலைகளையும் சுற்றியே வாழ்கின்றன.

குடாநாட்டின் வாசலில் அமைந்தமை இந்நகரின் வளத்துக்குக் காரணமாயிற்று. அதுவே அதன் துயரத்துக்கும் காரணமாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, அவர்களுக்கு முதலில் இடமளித்தது தென்மராட்சியே. வீட்டுத் திண்ணைகளும் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் அன்று அகதிகளால் நிறைந்தன. ஐந்தாண்டுகள் கழியுமுன் அடைக்கலம் தந்தவர்களே அகதிகளாயினர். 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்ததைத் தொடர்ந்து மூண்ட சமரில் சாவகச்சேரி நகரம் ஏறக்குறையத் தரைமட்டமாயிற்று. 2002 போர்நிறுத்தத்தின் பின்னரே மக்கள் திரும்பிக் கூரை வேயத் தொடங்கினர். 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014இலேயே மீண்டும் இந்நகரைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றது.

இந்த வரலாற்றில் நாம் பேசத் தயங்கும் பக்கம் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் ஆதிக் குடியிருப்புகளுள் ஒன்று தென்மராட்சியின் உசன் என மரபு கூறும். அத்தகைய மண்ணிலே, சாவகச்சேரியில் வணிகஞ் செய்து வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் 1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டன. அம்மாத இறுதியில் யாழ். நகர முஸ்லிம்களுக்கும் அதே கதி நேர்ந்தது. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் தொகை எழுபதாயிரத்துக்கும் மேல் என மதிப்பிடப்படுகின்றது. பலர் புத்தளத்தில் ஒரு தலைமுறைக் காலத்தையே கழித்துவிட்டனர்.

இடம்பெயர்வின் வேதனையை எழுதிக்காட்ட வேண்டிய தேவை தென்மராட்சி மக்களுக்கு இல்லை. ஓரிரவில் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுவதும், திரும்பி வரும்போது சுவர் மட்டும் மிஞ்சியிருப்பதும் அவர்கள் அனுபவித்தறிந்தவை. ஆகவே, அயலவனின் இழப்பைத் தம் இழப்பாக உணரும் தகுதி வேறெவரையும்விட அவர்களுக்கே கூடுதலாக உண்டு. மீளத் திரும்ப விரும்பும் குடும்பத்துக்குக் காணியும் கடையும் கிடைக்க உதவுவது நிர்வாகத்தின் கடமை. அவர்களை ஊரவராக ஏற்றுக்கொள்வது மக்களின் கடமை.

வந்தவர்க்கெல்லாம் வாசல் திறந்த ஊர் என்பதே தென்மராட்சிக்குரிய பெருமை. அந்த வாசல் எவருக்கும் மூடியிருத்தல் ஆகாது என்பதே எமது நிலைப்பாடு.