64 கேபி-யில் எஸ்எஸ்எச்: என் சக்ர் கம்ப்யூட்டரின் கதை



போன எபிசோடில் பேச்சோட பேச்சா, "வீட்ல ஒரு பழைய சக்ர் இருக்கு, அதுலேருந்து சர்வருக்குள்ள போக முயற்சி பண்ணிட்டிருக்கேன்"னு ஒரு வரி சொல்லிட்டேன். அதுக்கு வந்த மெயில்கள் ரெண்டே வகை. "சக்ர்னா என்னண்ணா?" ஒண்ணு. "உங்களுக்கு வேற வேலையே இல்லையாண்ணா?" இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு என் வீட்டம்மா ஏற்கெனவே பதில் சொல்லிட்டாங்க. முதல் கேள்விக்கு மட்டும் வர்றேன்.

நீங்க துபாயிலோ தோஹாவிலோ பிறந்து வளர்ந்தவங்கன்னா, உங்க அரபி நண்பரோட அப்பாகிட்ட "சக்ர்"னு சொல்லிப் பாருங்க. முகம் மாறும். 1983-ல் ஜப்பானில் எம்எஸ்எக்ஸ்னு ஒரு பொதுத் தரம் வந்தது. ஆஸ்கி நிறுவனமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து உருவாக்கியது. யார் தயாரிச்சாலும் ஒரே மென்பொருள் ஓடணும்ங்கறதுதான் யோசனை. குவைத்தில் முஹம்மது அல்-ஷாரிக் தொடங்கிய அல்-ஆலமியா நிறுவனம் அந்தத் தரத்தை எடுத்து, யமஹா மாதிரி ஜப்பான் கம்பெனிகளிடம் பெட்டிகளைச் செய்ய வெச்சு, அரபியை ரோமிலேயே ஏத்தி "சக்ர்"ங்கற பேரில் வித்தது. சக்ர்னா பாறை.

அரபியை ஏத்தறது சும்மா எழுத்தை மாத்தற வேலை இல்ல. எழுத்து வலமிருந்து இடமாப் போகணும். பக்கத்து எழுத்தைப் பொறுத்து ஒவ்வொண்ணும் உருவம் மாறணும். இதையெல்லாம் விநாடிக்கு 35.8 லட்சம் துடிப்பு உள்ள இஸட்80 சிப்பில் செஞ்சாங்க. வளைகுடாவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பேசிக் கத்துக்கிட்டது இந்தப் பெட்டியில்தான்.

1990 ஆகஸ்ட் 2-ம் தேதி இராக் படை குவைத்துக்குள் நுழைஞ்சது. நிறுவனம் கெய்ரோவுக்குப் போச்சு. அதே மாசம் தொடங்கித்தான் குவைத்தில் இருந்த நம்ம ஆட்களும் கைக்கு வந்ததை எடுத்துக்கிட்டு ஜோர்டானுக்கு ஓடி, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்களில் ஊர் திரும்பினாங்க. அப்படி வந்தவங்க 1,70,000 பேருக்கு மேல். உங்க வீட்டுப் பெரியவங்களில் ஒருத்தராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம், கேட்டு வைங்க. அல்-ஷாரிக் 2024 மார்ச்சில் காலமானார்.

என்கிட்ட இருக்கறது ஏஎக்ஸ்-170. அஜ்மானில் ஒரு எகிப்தியப் பெரியவர் வீட்டைக் காலி பண்ணும்போது கொடுத்தார். 250 திர்ஹம். "இது வேலை செய்யும், என் மகன் மாதிரி இல்ல"ன்னு சிரிச்சார். நிஜமாவே வேலை செஞ்சது. 64 கேபி ரேம், ஒரு வரிக்கு 40 எழுத்து, டிவியில் செருகினா நீலத் திரை.

இப்போ என் தப்பைச் சொல்றேன்.

ஒரு ஆர்எஸ்-232 கார்ட்ரிட்ஜும், அதோட பேசற ஒரு குட்டி வைஃபை மோடமும் வாங்கினேன். பழைய டயல்-அப் மோடத்துக்குச் சொல்ற மாதிரியே கட்டளை கொடுத்தா, அது போன் நம்பருக்குப் பதில் ஒரு ஐபி முகவரியை "டயல்" பண்ணும். அந்தப் பக்கம் மாசம் சில டாலர் வாடகைக்கு ஒரு லினக்ஸ் சர்வர். அதில் டெல்நெட்டைத் திறந்து வெச்சேன், ராத்திரி 11 மணிக்கு. சக்ர் திரையில் லாகின் கேட்டுச்சு. அந்த சந்தோஷத்தில் போர்ட் 23-ஐ மூடாம தூங்கிப் போயிட்டேன்.

காலையில் லாகைப் பார்த்தா, ஆயிரக்கணக்கில் யார் யாரோ கதவைத் தட்டியிருக்காங்க. ஆள் இல்ல, எல்லாம் பாட். 2016-ல் உலகத்தையே கலக்கின மிராய் இப்படித்தான் பரவிச்சு. அறுபத்துச் சொச்சம் ஃபேக்டரி பாஸ்வேர்டுகளை வெச்சுக்கிட்டு டெல்நெட் திறந்திருக்கற கேமராவையும் ரவுட்டரையும் தேடித் தேடிப் பிடிச்சது. என் சர்வருக்குள்ள யாரும் நுழையல. ஆனா அப்புறம் வயர்ஷார்க்கைப் போட்டு என் சொந்த டிராஃபிக்கைப் பார்த்தேன். நான் அடிச்ச பாஸ்வேர்டு ஒவ்வொரு எழுத்தா, ஒரு பாக்கெட்டுக்கு ஒண்ணா, அப்பட்டமா போய்க்கிட்டிருந்தது. கன்னத்தில் அறைஞ்ச மாதிரி இருந்ததுக்குக் காரணம் வேற: அதே பாஸ்வேர்டில் கடைசி எண்ணை மட்டும் மாத்தி வேலை லேப்டாப்பிலும் வெச்சிருந்தேன். அன்னிக்கு 14 இடத்தில் பாஸ்வேர்டு மாத்தினேன். இந்த பாட்காஸ்ட்டில் உங்களுக்கு அறிவுரை சொல்ற ஆள் நான்!

1995-ல் தாத்து யூலோனன் எஸ்எஸ்எச் எழுதினதுக்கும் இதேதான் காரணம். அவர் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளை அள்ளிட்டாங்க.

சரி, அந்த எஸ்எஸ்எச்சை சக்ரிலேயே ஓட்ட முடியாதா? ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க இதுக்குக் கணக்குப் போட்டேன். பொறுமையாப் படிங்க, சுவாரஸ்யமான இடம் இதுதான்.

இணைப்பு தொடங்கும்போது ரெண்டு பக்கமும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கணும். அதுக்குப் பரவலாப் புழங்கற ஒரு முறை கர்வ்25519. அதில் 255 படி. படிக்குச் சுமார் 10 பெரிய பெருக்கல். ஒவ்வொண்ணும் 32 பைட் எண்ணை 32 பைட் எண்ணால் பெருக்கறது, அதாவது 1,024 குட்டிப் பெருக்கல். மொத்தம் 26 லட்சம். இஸட்80-க்குப் பெருக்கத் தெரியாது! பெருக்கல் கட்டளையே அதில் கிடையாது. நாம ஸ்கூலில் செய்த மாதிரி நகர்த்தி நகர்த்திக் கூட்டணும். ஒரு பைட் பெருக்கலுக்கு 200 துடிப்புன்னு வெச்சா 52 கோடி துடிப்பு. அதாவது கிட்டத்தட்ட இரண்டரை நிமிஷம். இதை ரெண்டு தடவை செய்யணும், அப்புறம் சர்வரோட கையெழுத்தையும் சரிபார்க்கணும்.

ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் லாகினை முடிக்கக் கொடுக்கற நேரம் 120 விநாடி. சக்ர் கணக்கை முடிக்கறதுக்குள்ள சர்வர் போனை வெச்சிடும்.

அட்டவணை போட்டு வேகப்படுத்தலாம், முதல் பாதியை முன்கூட்டியே கணக்குப் போட்டு வெச்சுக்கலாம், உங்க சொந்த சர்வர்னா அந்த 120-ஐக் கூட்டலாம். இணைஞ்ச பிறகு ஓடற சாச்சா20 வெறும் கூட்டலும் எக்ஸ்ஓஆரும் சுழற்றலும்தான், தட்டச்சு வேகத்துக்கு இஸட்80 தாங்கும். ஆனா இன்னொரு சிக்கலுக்கு எனக்கு வழி தெரியல: யாரும் ஊகிக்க முடியாத எண். 1980-களின் பெட்டியில் அது எங்கிருந்து வரும்? ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் அது ஒரே மாதிரிதான் எழுந்திருக்கும். விசை தட்டற இடைவெளியை வெச்சுக் கொஞ்சம் தேத்தலாம். ஊகிக்கக் கூடிய எண்ணில் செஞ்ச சாவி, பூட்டு மாதிரி படம் வரைஞ்ச கதவு. டெல்நெட்டைவிட மோசம்னுகூடச் சொல்வேன்; டெல்நெட்டில் நம்ம நிலைமையாவது நமக்குத் தெரியும்.

கொஞ்சம் பெரிய பழைய மெஷின்களுக்குக் கதை வேற. மேக் ஓஎஸ் 7 முதல் 9 வரைக்கும் எஸ்எஸ்எச்-எவன்னு ஒரு கிளையன்ட் இருக்கு, டாஸுக்கு எஸ்எஸ்எச்2டாஸ். ஆனா பழைய கிளையன்ட்களில் பலதுக்குத் தெரிஞ்சது பழைய முறைகள் மட்டும்தான். அதனால் சிலர் சர்வரில் காலாவதியான 1024-பிட் டிஃபி-ஹெல்மனைத் திரும்பத் திறந்து விடறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். தாத்தா வீட்டுக்கு வர்றார்ங்கறதுக்காக வாசல் கதவைக் கழட்டி வைக்க மாட்டோமில்லையா, கூட ஒரு ஆளை அனுப்பிக் கூட்டிட்டு வருவோம்.

நான் கடைசியில் செஞ்சது அதைத்தான். ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ. 512 எம்பி ரேம், அதாவது சக்ரைப் போல 8,192 மடங்கு. சக்ரிலிருந்து பை-க்கு ஒரு முழ நீளக் கேபிள், அங்கிருந்து வெளியே எஸ்எஸ்எச். செய்யப் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆர்எஸ்-232 மின்னழுத்தம் பிளஸ்-மைனஸ் 12 வோல்ட் வரை போகும், பை-யோட பின்கள் 3.3-க்குத்தான் பழக்கம். நடுவில் மேக்ஸ்3232 சிப் வெச்ச பலகை இல்லாம மாட்டினா பை செத்துடும். பலகை சில திர்ஹம்தான்.

பேசிக்கில் "கால் காம்டெர்ம்"னு அடிச்சா கார்ட்ரிட்ஜே டெர்மினல் ஆயிடும். எம்எஸ்எக்ஸுக்கு விடி52 கட்டளைகள் புரியும்ங்கறதால், பை-யில் டெர்மினல் வகையை விடி52, அகலம் 40-ன்னு அமைச்சேன். 9600 வேகத்தில் எழுத்துகளை முழுங்கிச்சு, 1200-க்கு இறக்கினேன். திரை முழுசா நிரம்ப 8 விநாடி. டீ குடிச்சுக்கிட்டே படிக்கலாம்.

பாதுகாப்பு எங்கே தொடங்குது, எங்கே முடியுதுன்னு இப்போ விரல் வெச்சுக் காட்ட முடியுது. அந்த ஒரு முழக் கேபிளில் எல்லாமே வெளிப்படை. அதை ஒட்டுக்கேட்கணும்னா என் ஹாலுக்கு வந்து சோபாவை நகர்த்தணும். சாவி பை-யில் மட்டும். பை-யில் தனி யூசர், அவரால் ஒரே ஒரு சர்வருக்குத்தான் போக முடியும். சர்வர் பக்கம் அந்தச் சாவிக்கு முன்னாடி "ரெஸ்ட்ரிக்ட்"னு ஒரு சொல். அது போர்ட் ஃபார்வர்டிங் மாதிரி உபரி வசதிகளை மூடிடும். பை-யும் வீட்டு வைஃபையில் இல்ல, விருந்தாளி நெட்வொர்க்கில் இருக்கு.

"அப்போ அந்தச் சர்வர் வழியா டன்னல் போட்டு, இங்க தடுத்திருக்கற ஆப்பையெல்லாம் திறக்கலாமே?"ன்னு யாராவது கேட்பீங்க. எஸ்எஸ்எச் பயன்படுத்தறது பிரச்சினை இல்ல, நாங்க எல்லாரும் வேலையில் தினமும் பயன்படுத்தறோம். ஆனா அமீரகத்தில் 2021-ன் 34-ம் எண் சட்டப்படி, குற்றம் செய்யவோ மறைக்கவோ ஐபி முகவரியை மாத்திக் காட்டினா அபராதமே 5 லட்சம் திர்ஹத்தில் ஆரம்பிக்குது. விளையாடாதீங்க.

இது வெறும் பொழுதுபோக்குன்னுதான் நானும் நினைச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு கட்டடத்தில் கான்ட்ராக்ட் வேலை. அடித்தளத்தில் ஏசி கன்ட்ரோலர்கள், வயசு பதினஞ்சுக்கு மேல், டெல்நெட் மட்டும்தான் தெரியும். மாத்த பட்ஜெட் இல்ல. எல்லாத் தளத்துக்கும் பொதுவான ஒரே நெட்வொர்க்கில் அதுவும் தொங்கிக்கிட்டிருந்தது. மேனேஜர் ஒரு மலையாளி சேட்டன். "இதுக்கு என்ன பண்றது?"ன்னார். பையில் இருந்த நோட்டை எடுத்து சக்ர் படத்தைத்தான் வரைஞ்சேன்: பழசு, குட்டிக் கேபிள், நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி, அங்கிருந்து எஸ்எஸ்எச். கன்ட்ரோலரைத் தொடவே இல்ல. ஒரு வாரத்தில் முடிஞ்சது.

இப்போ மிச்சம் இருக்கற சிக்கல் ஒண்ணு. சர்வரில் "அம்மா"ன்னு தமிழில் பேர் வெச்ச ஒரு கோப்பு இருக்கு. யூடிஎஃப்-8-ல் 'அ' ஒண்ணே மூணு பைட். சக்ருக்கு அந்த எண்கள் எல்லாம் வேற எழுத்துகளோட இடம். அதனால் அம்மா திரையில் அரபித் துண்டுகளும் குறிகளுமா வர்றாங்க.

எழுத்து வடிவங்களை மாத்தலாம், 256 எழுத்துக்கும் சேர்த்து 2 கேபிதான். ஆனா வரிக்கு 40 எழுத்துன்னா ஒரு எழுத்துக்கு 6-க்கு 8 கட்டம்தான் இடம். 'அ', 'ம' வரைஞ்சுட்டேன், 'ண'வுக்கு மூணு சுழி போட்டதும் இடம் தீர்ந்துடுச்சு. அதில் 'ணை' எழுத யாருக்காவது வழி தெரிஞ்சா, கட்டம் போட்ட நோட்டில் வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சக்ரில் ஓட்டிக் காட்டறேன்.