கையெழுத்தால் பூட்டிய கதவுகள்

புனேயை ஒட்டிய பிம்ப்ரியிலிருந்து எரவாடா சிறை அதிக தூரமில்லை. 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது ஆர்.எஸ்.எஸ். தலைவர் பாலாசாகேப் தேவரஸ் அங்கேதான் அடைக்கப்பட்டார். அவருக்கு நேரெதிர்க் கொள்கை கொண்ட சோஷலிஸ்டுகளும் அதே சிறையில் இருந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசால் இதெல்லாம் எப்படி முடிந்தது? சாயா ஆறுவதற்குள் பார்த்துவிடுவோம்.

சர்வாதிகாரம் என்றதும் நம் எல்லோர் கண்ணிலும் டாங்கிதான் வந்து நிற்கிறது. ராணுவம் வரும், அரசியல் சாசனத்தைக் கிழித்தெறியும் என்று நினைக்கிறோம். 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமது ஒரு தாளில் கையெழுத்திட்டார், அவ்வளவுதான். அந்த அதிகாரத்தை அவருக்குத் தந்ததே சாசனத்தின் 352ஆவது பிரிவு. பூட்டை உடைத்து நுழைபவனைக் கண்டால் ஊர் கூடிவிடும். சாவிக்கொத்து வைத்திருப்பவரே ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டு வந்தால் யாருக்கும் சட்டென்று உறைப்பதில்லை.

அந்த ஒரு கையெழுத்தோடு வேலை முடிந்துவிடவும் இல்லை. பிடித்த அதிகாரம் கையைவிட்டுப் போகாதபடி பார்த்துக்கொள்ள ஆட்சியாளர்கள் மாதக்கணக்கில் பாடுபட்டார்கள். அன்றிரவே டெல்லியின் பல பத்திரிகை அச்சகங்களில் மின்சாரம் நின்றது. மறுநாள் தணிக்கை வந்தது. ஆட்களைப் பிடிக்கப் புதுச் சட்டம் தேவைப்படவில்லை. விசாரணை இல்லாமல் சிறையில் வைக்க வழிசெய்யும் 'மிசா' 1971 முதலே இருந்தது. காரணம் சொல்லத் தேவையில்லை என்று அதைத் திருத்திக்கொண்டார்கள்.

அடுத்தது நீதிமன்றம். அங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். நெருக்கடி நிலைக்கு முன்பே, ஜூன் 12 அன்று, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று சொல்லியிருந்தது அலகாபாத் உயர் நீதிமன்றம். ஆகஸ்டில் வந்த 39ஆவது திருத்தம், பிரதமரின் தேர்தலை நீதிமன்றங்களின் கைக்கு எட்டாமல் வைத்தது. பிறகு ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்துப்போன ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் உரிமை. அதற்கு இடமுண்டு என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. ஐவரில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். மறு ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவரிடம் போனது. எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கொடுமை இதுதான்: சிறையில் இருப்பவனுக்கு முறையிடக்கூட இடமில்லாமல் போயிற்று.

இதற்கிடையே 1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மக்களவையின் ஆயுளும் நீட்டப்பட்டது.

ஜெர்மனியிலும் இப்படித்தான் நடந்தது. 1933இல் ஹிட்லர் முறைப்படிதான் சான்சலர் ஆனார். கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளே வரவிடாமல் செய்துவிட்டு, சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்ற ஓட்டாலேயே வாங்கிக்கொண்டார்.

இங்கே பூட்டாமல் விட்டது தேர்தல் என்ற கதவு. 1977இல் மக்கள் அதன் வழியே வந்தார்கள். ரேபரேலியில் இந்திராவே தோற்றார். 1978இன் 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலைக்கான 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தை நீக்கி 'ஆயுதக் கிளர்ச்சி' என்று மாற்றியது. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது என்றும் ஆக்கியது. தடுப்புக் காவலுக்குக் கடிவாளம் போடும் ஒரு பகுதியும் அதில் உண்டு. அது அமலாகும் தேதியை ஓர் அரசும் இன்றுவரை அறிவிக்கவில்லை.