பனி மட்டுமா காரணம்?

"பிள்ளையைப் பனிக்குள்ள கொண்டு திரிஞ்சால் இழுப்பு வராமல் என்ன செய்யும்?" மாமியார் கேட்டபோது அந்த இளம் தாய் பேசாமல் நின்றாள். தை மாதத்தில், வலிகாமத்துக் கிராமமொன்றுக்கு வீட்டுத் தரிசிப்புக்காகச் சென்றிருந்தேன். நேரம் மாலை ஆறரை இருக்கும். முற்றத்தில் கூட்டிக் குவித்த சருகும் பொலித்தீன் பைகளும் எரிந்துகொண்டிருந்தன. புகை மேலே போகவில்லை. வேலி உயரத்தில் படுத்து விறாந்தைக்குள் நுழைந்தது.

இது ஏன்? பகலில் வெயிலால் தரை சூடேறுகிறது. அதைத் தொடும் காற்றும் சூடாகி மேலெழுகிறது. கூழை அகப்பையால் துழாவுவதுபோல, மேற்காற்றும் கீழ்க்காற்றும் கலக்கின்றன. புகையும் கலைந்துவிடுகிறது. பொழுதுபட்டதும் தரை தன் வெப்பத்தை வானை நோக்கி இழக்கிறது. முகில் இருந்தால் அது போர்வைபோல் ஓரளவு காக்கும். மாரி மழை ஓய்ந்த தை, மாசியிலோ தெளிந்த வானமும் அடங்கிய காற்றுமாகப் பல இரவுகள் அமைகின்றன. அப்போது தரையோடு ஒட்டிய காற்று குளிர்ந்து, பாரமாகிக் கீழேயே தங்குகிறது. அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல் நிற்கிறது. துழாவ அகப்பை இல்லை. பனி பெய்வதும் புகை தேங்குவதும் இத்தகைய இரவுகளில்தான். காலை வெயில் ஏறித் தரை சூடாகும்வரை இந்த மூடி திறக்காது.

2022 டிசெம்பர் 9ஆம் திகதி வளி மாசினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அன்றைய மாசில் பெரும் பங்கு காற்றோடு கடல் கடந்து வந்தது. அதை எம்மால் தடுக்க முடியாது. ஆனால் எமது முற்றத்துப் புகை எமது கையில்தான் இருக்கிறது.

குளிர்காற்றும் சிலருக்கு இழுப்பைத் தூண்டும் என்பது உண்மையே. எனினும் பிள்ளையின் தலைக்குத் துணி கட்டிவிட்டு, இரவு முழுவதும் புகையைச் சுவாசிக்க விடுவதால் பயன் என்ன? பொலித்தீனை எந்நேரமும் எரிக்கக் கூடாது. சருகையோ எரிக்கவே தேவையில்லை. தோட்டத்தில் குழை தாழ்த்திப் பழகிய மண் எங்களுடையது. தென்னை, வாழையடியில் சருகைப் புதைத்தால் அது உரமாகும்.

அடுத்த மாதம் சென்றபோது சருகு தென்னம் பாத்தியில் கிடந்தது. பிள்ளைக்கு இழுப்பு முற்றாக நிற்கவில்லை, கிளினிக்குக்குக் கொண்டுபோகிறார்கள். ஆனால் அந்தத் தாயை இப்போது யாரும் குற்றம் சொல்வதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குக் கூடப் போவது மாமியார்தான்.