ஆஸ்ட்ரோசாட் வழிக் காந்தவிண்மீன் வெடிப்புகளைக் கண்டறிதல்: ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழகத்தின் வட எல்லையில் அமைந்த ஆரம்பாக்கத்திற்கு வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா உள்ளது. இந்தியாவின் முதல் விண்வெளி வானியல் ஆய்வுக்கூடமாகிய ஆஸ்ட்ரோசாட், 28.09.2015 அன்று அங்கிருந்து பி.எஸ்.எல்.வி.–சி30 ஏவூர்தியால் விண்ணில் செலுத்தப்பட்டது. கண்ணிமைப் பொழுதினும் குறுகிய எக்ஸ் கதிர் வெடிப்புகளை அது கண்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

காந்தவிண்மீன்

பெருநிறை விண்மீன் வெடித்துச் சிதறியபின் எஞ்சும் செறிந்த உட்கரு நியூட்ரான் விண்மீன் எனப்படும். சூரியனினும் மிக்க நிறை, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் விட்டத்துள் அதில் அடங்கியிருக்கும். இவற்றுள் சிலவற்றின் காந்தப்புலம் புவியினுடையதைப்போல் பல நூறு இலட்சம் கோடி மடங்கு வலியது. டங்கன், தாம்சன் ஆகிய அறிஞர்கள் 1992-இல் இவற்றிற்கு ‘மேக்னடார்’ எனப் பெயரிட்டனர். தமிழில் காந்தவிண்மீன் எனலாம். காந்த அழுத்தத்தால் இவற்றின் மேலோடு விரிசலுறுவதும், புலக்கோடுகள் அறுந்து மீண்டும் இணைவதும் வெடிப்புகளுக்குக் காரணமாகலாம் என்பர்.

கண்டறியும் முறை

எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால் கருவி விண்ணில் இருத்தல் வேண்டும். வெடிப்பு எப்போது நிகழும் என முன்னறிய இயலாமையால், வந்துசேரும் ஒவ்வொரு ஒளித்துகளின் வருகை நேரத்தையும் குறித்துவைத்தல் வேண்டும். ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி வழக்கமான முறையில் ஒரு பதிவுக்கு 2 நொடிக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். அதனுள் குறுவெடிப்பு மறைந்துபோகும். பேரளவு செனான் விகிதசம எண்ணியோ, நொடியின் ஓரிலட்சத்தில் ஒரு பங்கு நுட்பத்துடன் நேரத்தைக் குறிக்கும்.

இப்பதிவைச் சிறு காலக்கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் விழுந்த துகள்களை எண்ணுவர். சராசரியாக 3 துகள்கள் விழுமிடத்தில் 5 விழுதல் தற்செயலாகலாம்; 30 விழுதல் அவ்வாறன்று. ஆயினும் கூறுகள் பெருகப் பெருகத் தற்செயலும் பெருகும். ஒரு நாளை நொடியின் நூறில் ஒரு பங்காகப் பகுத்தால் 86,40,000 கூறுகள் கிடைக்கும்; பத்து இலட்சத்தில் ஒருமுறை நிகழத்தக்க தற்செயல்கூட அங்கு எட்டு அல்லது ஒன்பது முறை தலைகாட்டும். ஆதலின் கூறுகளின் எண்ணிக்கைக்கேற்ப வரம்பை உயர்த்தியே வெடிப்பு என முடிவுசெய்வர்.

எஸ்.ஜி.ஆர். ஜே1830–0645

2020 அக்டோபரில் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் கண்டறிந்த இக்காந்தவிண்மீன், ஏறத்தாழ 10.4 நொடிக்கு ஒருமுறை சுழல்வது. இதனை ஆஸ்ட்ரோசாட் தரவுகளின்வழி ஆராய்ந்த பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் 67 குறுவெடிப்புகளை இனங்கண்டனர். அவற்றின் சராசரிக் கால அளவு 33 மில்லி நொடி. மிக ஒளிமிக்கது ஏறத்தாழ 90 மில்லி நொடி நீடித்தது.

முடிவுரை

தொல்காப்பியம் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாக்கியது. கண்ணிமைப்பு விரைவாக நிகழினும் ஏறத்தாழ 100 மில்லி நொடி கொள்ளும். அவ்வகையில், சராசரிக் குறுவெடிப்பு மெய்யெழுத்துக்குரிய அரை மாத்திரையினும் குறுகியது. அதனைக் கண்டறிவதற்குக் கருவியின் நேர நுட்பமும், தற்செயலை விலக்கும் கணக்கும் ஒருங்கே இன்றியமையாதன.