ஆமைக்குக் கட்டளை போடலாம் வாங்க!



'கோடிங்' என்றாலே அது இன்ஜினியரிங் காலேஜில் படிக்கிற விஷயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக, குழப்பம் இல்லாமல் கட்டளை எழுதுவதுதான் கோடிங். அவ்வளவுதான்! இதை மூணாம் வகுப்பு, நாலாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யலாம். பள்ளி விட்ட பிறகு வாரம் ஒரு மணி நேரம் போதும். எப்படி என்று பார்ப்போமா?

ஆமை வந்த கதை

1967-ம் ஆண்டு அமெரிக்காவில் சிமோர் பேப்பர்ட், வாலி ஃபொய்ர்சைக், சிந்தியா சாலமன் முதலியவர்கள் சேர்ந்து 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். குழந்தைகள் கற்பதற்கென்றே வந்த மொழி அது. பிறகு அதில் ஒரு ஆமையும் சேர்ந்தது. முதலில் அது தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் இயந்திர ஆமை. பின்னால் கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆமைக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். 'முன்னே 100', 'வலது 90' என்று சொன்னால் 100 அடி வைத்து நடக்கும், 90 டிகிரி திரும்பும். இதையே நாலு தடவை செய்யச் சொன்னால் ஒரு சதுரம்!

சரி, மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வேண்டுமென்றால்? உள்கோணம் 60 தானே என்று 'வலது 60' கொடுத்தால் முக்கோணம் மூடாது. ஏனென்றால் ஆமை திரும்புவது வெளிக்கோணம். 180-லிருந்து 60 போனால் 120. அதைத்தான் கொடுக்க வேண்டும். புரியாவிட்டால் நீங்களே ஆமையாகி நடந்து பாருங்கள் என்பதுதான் பேப்பர்ட் காட்டிய வழி. ஒரு சுற்று சுற்றி, கிளம்பிய திசைக்கே திரும்பினால் மொத்தம் 360 டிகிரி. அதை மூன்றால் வகுத்தால் 120.

இன்னொரு வேடிக்கை. 'வலது 60' என்று கொடுத்து நடந்ததை நிறுத்தாமல் இன்னும் மூன்று தடவை நடக்கவிட்டால் அழகான அறுகோணம் வந்துவிடும்!

முதல் பாடத்துக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம்

தரையில் சாக்பீஸால் வரிசைக்கு ஐந்து வீதம் 25 கட்டம் போடுங்கள். ஒரு பிள்ளை ஆமை. இரண்டு கட்டத்தில் செங்கல் வையுங்கள். மூலையில் ஒரு கடலைமிட்டாய். மற்றவர்கள் துண்டுச் சீட்டில் கட்டளை எழுதி வரிசையாக அடுக்க வேண்டும். 'ஒரு கட்டம் முன்னே போ', 'வலது பக்கம் திரும்பு', 'இடது பக்கம் திரும்பு' இவை மட்டும்தான்.

ஒரே ஒரு விதி. ஆமை சொந்தமாக யோசிக்கக் கூடாது. எதிரே செங்கல் இருந்தாலும் சீட்டில் 'முன்னே போ' என்றிருந்தால் போக வேண்டும். கம்ப்யூட்டரும் இப்படித்தான். நாம் மனசில் நினைத்ததைச் செய்யாது, எழுதினதை மட்டும்தான் செய்யும்.

இந்த விளையாட்டிலேயே மூன்று பெரிய பாடம் இருக்கிறது.

1. வரிசை: எது முதலில், எது பிறகு.
2. திரும்பச் செய்தல்: 'முன்னே போ' என்று மூன்று சீட்டு வைப்பதற்குப் பதில் 'மூன்று முறை முன்னே போ' என்று ஒரே சீட்டு. கோலத்தில் ஒரே இதழை நாலு பக்கமும் போடுகிறோமே, அதே மாதிரி.
3. நிபந்தனை: 'செங்கல் இருந்தால் திரும்பு, இல்லாவிட்டால் முன்னே போ.'

அப்புறம் கம்ப்யூட்டர்

2007-ல் எம்.ஐ.டி. என்ற அமெரிக்கக் கல்வி நிறுவனம் 'ஸ்கிராட்ச்' மென்பொருளை வெளியிட்டது. இதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடொன்று பொருத்தினால் போதும், டைப் அடித்துத் திணற வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்காகப் படக் கட்டைகளோடு 'ஸ்கிராட்ச் ஜூனியர்' 2014-ல் வந்தது. இரண்டும் இலவசம். ஸ்கிராட்சை ஒரு தடவை ஏற்றிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும்.

இங்கிலாந்தில் 2012-ல் 'கோட் கிளப்' ஆரம்பித்தார்கள். 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்ட பிறகு தன்னார்வலர்கள் ஸ்கிராட்ச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மவுஸ் யார் கையில்?

சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் அண்ணன்களும் அக்காக்களும் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை திணறியவுடன் "தள்ளு, நான் பண்றேன்" என்று மவுஸைப் பிடுங்கிவிடுகிறோம். வேலை முடிந்துவிடும். ஆனால் 'நமக்கு இது வராது' என்ற ஒன்றை மட்டும்தான் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டு போகும்.

அதனால் கை வைக்காமல் கேள்வி கேளுங்கள். "எந்தச் சீட்டு வரைக்கும் சரியா போச்சு? அடுத்தது என்ன?" தப்பு இருக்கும் இடத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். கோடிங்கில் தப்புக்கு 'பக்', அதாவது பூச்சி என்று பெயர். பூச்சி இருப்பது கட்டளையில்தான், பிள்ளையின் மூளையில் இல்லை! பெரிய பெரிய நிபுணர்கள் எழுதினாலும் பூச்சி வரத்தான் செய்யும், தேடி எடுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் பல இடங்களில் மவுஸ் பையன் கையிலும் நோட்டு பொண்ணு கையிலும் இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும். ஒருவர் மவுஸ் பிடித்தால் மற்றவர் வழி சொல்ல வேண்டும். லோகோவை உருவாக்கியவர்களில் ஒருவரான சிந்தியா சாலமன் ஒரு பெண் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நம் பள்ளியிலும் வாரம் ஒரு மாலை இப்படி நடத்த ஆசிரியர்கள் அனுமதி தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் மாதத்துக்குத் தேவை சாக்பீஸும் இரண்டு செங்கலும்தான்!

மூளைக்கு வேலை: ஆமை பேனாவை எடுக்காமல் ஐந்து முனை நட்சத்திரம் வரைய வேண்டும். ஒவ்வொரு முனையிலும் எத்தனை டிகிரி திரும்ப வேண்டும்? (குறிப்பு: வரைந்து முடிப்பதற்குள் ஆமை இரண்டு முழுச் சுற்று சுற்றிவிடும்.) விடை அடுத்த இதழில்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி